குடும்பிமலையில் ஒரு காலைப்பொழுது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே யோசெமிற்றி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் இருபுறமும் செங்குத்தான கருங்கற் சிகரங்கள். அவற்றுள் எல் கப்பிற்றான் என்பது ஏறத்தாழ 900 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. ஆறு அறுத்த பள்ளத்தைப் பனிக்கட்டியாறுகள் அகழ்ந்து அகலமாக்கின. அதன் படத்தை எம்மிடம் காட்டிய மாணவன் ஒருவன், “மட்டக்களப்பில் உப்பும் மணலும் தவிர என்ன உண்டு, ஐயா?” என வினவினான். வாயால் விடை கூறாது, அவனையும் அவன் அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பிமலைக்குப் புறப்பட்டோம்.

கிரானிலிருந்து மேற்கே செல்லும் வழி அது. மாரியில் வெள்ளம் பாதையை மூடினால் தோணியே துணை. நாம் சென்றது கோடையில். வயலும் பற்றைக்காடும் மேய்ச்சல் தரையும் கடந்ததும், சமவெளியில் தனித்தெழுந்து நின்றது 534 மீற்றர் உயரமான அம்மலை. தமிழர் அதனை முடிந்த குடும்பியாகக் கண்டனர். சிங்களவர் தொப்பியாகக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரும் பிரபுவின் தொப்பி என்றே பெயரிட்டனர்.

“இதையும் பனிதான் செதுக்கியதோ?” என்றான் மாணவன்.

இல்லை, இது வெயிலும் மழையும் செய்த வேலை. வெடிப்பு மிகுந்த பாறை மண்ணுக்கடியிலே உக்கிப்போக, மழைநீர் அதனை அள்ளிச் சென்றது. வெடிப்புக் குறைந்த வன்பாறை எஞ்சி நின்றது. ஆயினும் பனிக்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ணற்க. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் ஒரு பகுதி பனியாய் உறைந்திருந்தமையால், கடல் இன்றையதிலும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறிற்று, தாழ்நிலங்களுட் புகுந்தது. 56 கிலோமீற்றர் நீண்ட நமது வாவியும் அவ்வாறு பிறந்ததே.

இவ்வளவும் நாம் சொன்னோம். அம்மம்மாவோ பேசாது நின்றார். பின்பு ஒரு மரநிழலைச் சுட்டி, “அங்கேதான் எங்கள் மாட்டுப்பட்டி இருந்தது” என்றார். 2007ஆம் ஆண்டுப் போரில் ஊரைவிட்டுப் போனவர், அன்றுதான் மீண்டும் அம்மண்ணை மிதித்தார். அவ்வாண்டு யூலையிலே இம்மலை இராணுவத்தின் வசமாயிற்று. உலகச் செய்திகளில் அது போர்க்களத்தின் பெயர்; அவருக்கோ கன்றுகள் மேய்ந்த இடம்.

மாணவன் எம்மை விட்டு அவர் பக்கம் திரும்பினான். “எத்தனை மாடு, அம்மம்மா?” என்று கேட்டான். வீடு சேரும்வரை அவன் கேள்விகள் ஓயவில்லை.

பெற்றோரே, பனிமலைப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், குற்றமில்லை. நமது மலையடிக்கும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள், அதன் கதை அறிந்த முதியோர் நம்மோடு உள்ளபோதே.