மெட்ராஸுக்கு ஹெட்மாஸ்டர் போட்ட பொறந்தநாள்

ஆகஸ்ட் வந்தா போதும், நம்ம ஊருக்கு ஹேப்பி பர்த்டே சொல்ல ஆரம்பிச்சிடுறாங்க. டீசர்ட் போடுறாங்க, மயிலாப்பூர் மாடவீதியைச் சுத்தி நடக்குறாங்க, போட்டோ புடிக்கிறாங்க. தாராளமா செய்யட்டும். ஆனா "முன்னூத்து எண்பத்தி சொச்சம் வயசு"ன்னு ஒரு கணக்கு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நம்ம தாத்தா காலத்துல பாதிப் பேருக்குப் பொறந்த தேதியே தெரியாது. ஸ்கூல்ல சேக்கப் போனா ஹெட்மாஸ்டர் பையனை ஏற இறங்கப் பாத்துட்டு அவரா ஒரு தேதியைப் போட்டு எழுதிக்குவார். தாத்தா கடைசியில அந்தத் தேதிப்படிதான் ரிட்டையர் ஆவார். அதுக்காக அன்னிக்குத்தான் அவர் பொறந்தார்னு கொள்ளுப்பாட்டி ஒத்துக்குவாங்களா?

ஆகஸ்ட் 22, 1639 அந்த மாதிரித் தேதிதான் சாமி. அன்னிக்கு நடந்தது ஒரு நிலப் பட்டா. கிழக்கிந்தியக் கம்பெனியோட பிரான்சிஸ் டே, கோட்டை கட்டிக்க கடலோரமா ஒரு துண்டு மணலை தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்கிட்ட வாங்கினார். நடுவுல பேசி முடிச்சவர் துபாஷி பேரி திம்மப்பா. அந்தத் தேதியாவது சரியான்னா அதுலயும் சிக்கல். பட்டாவோட நகல்ல இருக்கறது ஜூலை 22. ஆனா டே இங்க வந்து சேந்ததே ஜூலை 27ன்னு சொல்றாங்க. அதனால ஆராய்ச்சியாளர்கள் மாசத்தை ஆகஸ்ட்னு திருத்திப் படிச்சுக்கிட்டாங்க. டேயும் கோகனும் ஆள் படையோட குடியேற வந்தது 1640 பிப்ரவரியில. அதாவது 'குழந்தை' பொறந்து ஆறு மாசம் வரைக்கும் தொட்டில்ல யாருமே இல்ல :-)

சரி, அந்த மணல் துண்டுல மயிலாப்பூர் இருந்துதா? இல்ல. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுல வந்து பாடிட்டுப் போன ஊர் அது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில்ல பல்லவன் தந்திவர்மன் கல்வெட்டு இருக்கு. 1520கள்லயே சாந்தோம்ல போர்ச்சுக்கீசியர் குடியிருந்தாங்க. இங்கிலீஷ்காரன் கைக்கு மயிலாப்பூர் வந்தது 1749ல. ஆத்தாளுக்குப் பேத்தியோட பர்த் சர்டிபிகேட்டைக் காட்டி வயசு சொல்றதுக்குப் பேரு என்னங்க?

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். "வெள்ளைக்காரன் தேதி, அதனால கொண்டாடவே கூடாது"ன்னு. அவங்களோடவும் எனக்கு ஒத்து வராது. 2004ல எஸ்.முத்தையா மாதிரி நாலு பேர் சேந்து மெட்ராஸ் டே ஆரம்பிச்சதாலதான், ரங்கநாதன் தெருவுக்கும் மெரினாவுக்கும் மேல இந்த ஊர்ல ஒண்ணும் தெரியாத என்னை மாதிரி பொட்டி தட்டுறவனெல்லாம் ஊரைத் திரும்பிப் பாத்தான். அது நல்ல காரியம். நாளை வச்சுக்குவோம், 'பொறந்தநாள்'ங்கற பொய்யை மட்டும் விட்டுடுவோம். தமிழ்நாடு நாளுக்கே நவம்பர் 1ஆ ஜூலை 18ஆன்னு 2019லயும் 2021லயும் ரெண்டு ஆட்சி ரெண்டு தேதி சொன்னதைப் பாத்தவங்கதானே நாம? தேதிங்கறது தானா வர்றதில்ல, யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுக்கறது.

அப்போ நாம எதைத் தேர்ந்தெடுக்கறோம்? என் கோவமே இங்கதான்.

அக்டோபர் 24, 1746. அடையாறு ஆத்தங்கரையில ஆற்காடு நவாபோட பெரும்படையை, சில நூறு பிரெஞ்சு வீரர்களும் அவங்க பழக்கின சிப்பாய்களும் சேந்து ஓட விட்டாங்க. கவாத்து பழகின சின்னப் படை எவ்வளவு பெரிய படையையும் சாய்க்கும்னு ஐரோப்பாக்காரனுக்கு தைரியம் குடுத்த சண்டை அது. இந்தியா கைமாறின கதைக்கு ஒரு ஆரம்பம் நம்ம பஸ் ரூட்லயே இருக்கு. யாராவது அந்தத் தேதியில ஒரு வார்த்தை பேசிக் கேட்டிருக்கீங்களா?

அதுகூடப் போகட்டும், பழங்கதை. டிசம்பர் 1, 2015?

தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்துலேர்ந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணி. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைன்னு ஆறு வீட்டுக்குள்ள வந்துது. 1878லேர்ந்து வர்ற 'தி இந்து' பேப்பரே மறுநாள் சென்னையில அச்சாகல. நோட்டை நோட்டா எழுதினோம், போட்டு வாங்கினாங்க, மறந்தோம். எட்டு வருஷம் கழிச்சு 2023ல அதே டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். அப்பவும் "யாருமே எதிர்பார்க்கலைங்க"ன்னோம்!

எதிர்பார்க்காம என்ன? தி.நகர் பூரா 1920கள்ல ஏரியைத் தூர்த்துக் கட்டினது. நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த ஏரி அது. மேற்கு மாம்பலத்துல இன்னிக்கும் லேக் வியூ ரோடுன்னு தெரு இருக்கு, லேக்கும் இல்ல, வியூவும் இல்ல. நாம மறந்துட்டோம். தண்ணி மறக்கல. வருஷா வருஷம் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கிட்டு வருது.

பட்டினப்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்க. டிசம்பர் 26 ஆனா, 2004 சுனாமியை நினைச்சு மீனவ ஜனங்க கடல்ல பால் ஊத்துறாங்க, பூ போடுறாங்க. டீசர்ட் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. நினைவு நாள்னா அதுதான். இழந்தவனுக்குத் தேதி மறக்காது. வீடு நனையாதவன்தான் ஆகஸ்டோட நிறுத்திக்கறான்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. ஆகஸ்ட்ல நடக்கற அதே நடையை டிசம்பர் 1 அன்னிக்கும் ஒரு தடவை நடங்க. கோயில் கோபுரத்தை விட்டுட்டு, தூர்த்த ஏரிங்க வழியா, அடையாறு கரை வழியா. 2015ல தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு தெருவுக்குத் தெரு சுவத்துல ஒரு கோடு போடுங்க. புதுசா பிளாட் வாங்க வர்றவன் புரோக்கரைக் கேக்கறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைப் பாப்பான்.

டிஸ்கி: கேக்குக்கு நான் எதிரி இல்லை. யாராச்சும் வெட்டினா ஒரு துண்டு அடையாறு பக்கம் அனுப்பி வைங்க :-)