பெயருக்காகக் காத்திருக்கும் வண்ணத்துப்பூச்சிகள்



மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் மாபு என்றொரு மலை. 2005இல் ஜூலியன் பேலிஸ் என்ற விஞ்ஞானி கணினியில் செய்மதிப் படங்களைத் துழாவியபோது அதன் அடர்ந்த காடு கண்ணில் பட்டது. சுமார் 7000 ஹெக்டேயர். 2008இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் குழுவினர் அங்கே சென்றனர். விஞ்ஞானம் அறியாத வண்ணத்துப்பூச்சிகளும் அகப்பட்டன. 'கண்டுபிடித்தார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. அயல் கிராமத்தவர்கள் 1992 வரை நீடித்த உள்நாட்டு யுத்தத்தில் ஒளிந்து உயிர் தப்பியதே அந்தக் காட்டில்தானே!

பூச்சி கையில் அகப்பட்டதும் அது புதிய இனமாகிவிடாது. இறகின் நிறம் ஏமாற்றும். ஆபிரிக்காவின் பிரசிஸ் ஒக்டேவியா மழைக்காலத்தில் செம்மஞ்சள், வரட்சிக்காலத்தில் நீலம். பார்ப்பவர் இரண்டு இனம் என்றே சத்தியம் செய்வார். ஆகவே ஆண்பூச்சியின் வயிற்று நுனி உறுப்பை நுணுக்குக்காட்டியில் ஆராய்கிறார்கள். பழைய நூதனசாலைப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள். பிறகே ஒன்றை மூலமாதிரியாக ஒதுக்கி, லத்தீன் பெயரையும் விவரத்தையும் அச்சேற்றுவது. இதற்குச் சில வேளை வருடங்கள் செல்லும்.

மரம் வெட்டுவோர் அவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டார்கள். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்கப் போகிறவர் கையில் இந்தப் பெயர்ப்பட்டியல் இருந்தாக வேண்டும்.