கணிப்பொறியும் கலைப் பிரிவும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

இது கணிப்பொறி யுகம் என்கிறார்கள். மேடைதோறும் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. ஆனால், அந்த யுகத்தில் நமக்கும் ஓர் இடம் உண்டா என்று எழுந்து கேட்டுப் பாருங்கள். பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பொருளியல், வரலாறு, தமிழிலக்கியம் பயில்வோர் ஒருபுறம். கணிப்பொறி அறிவியல் பயில்வோர் மறுபுறம். நம் கல்லூரியில் இவ்விரு புறத்துக்கும் நடுவே இருப்பது பதினைந்தடி நடைவழிதான். ஆயினும் கடல் கடந்து செல்வதுகூட எளிது, அந்த நடைவழியைக் கடப்பது அரிது!

சென்ற கோடை விடுமுறையில், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் ஆசையால் ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சென்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "என்ன மேஜரும்மா?" என்று கேட்டார். பொருளியல் என்றேன். "பிளஸ் டூவில் கணக்கு உண்டா?" இல்லை என்றேன். "அப்படீன்னா இது உனக்கு வராதும்மா. டேலி படி, வேலைக்கு ஆகும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் பணம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த 'வராது' என்ற சொல், பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டே வந்தது.

யாருக்கு வரும், யாருக்கு வராது? இத்துறையை முதன்முதலில் வளர்த்தவர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள நூலகத்திலும் இணையத்திலும் தேடியபோது, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தின் கணிப்பொறி அறிவியல் பள்ளியின் வரலாறு கிடைத்தது. பள்ளி என்றால் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் அன்று. பல துறைகளைத் தன்னுள் அடக்கிய ஒரு கல்லூரி என்றே கொள்ளவேண்டும். உலகத் தரவரிசைகளில் முன்வரிசையில் நிற்பது. அதன் கதையைப் படித்த பிறகு, அந்த மேசைக்காரரிடம் திரும்பிப்போய் ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசவேண்டும் போல் இருந்தது.

பிட்ஸ்பர்க், இரண்டு ஆறுகள் கூடி மூன்றாவதாக ஓகையோ ஆறு பிறக்கும் இடம். நம்மவராயின் முக்கூடல் என்று பெயரிட்டிருப்பார்கள். அது உருக்காலைகளின் நகரம். உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகி, அந்நகரத்து உழைப்பாளிகளின் பிள்ளைகள் கைத்தொழில் கற்க 1900இல் தொழிற்பள்ளிகளை நிறுவினார். அவை 1912இல் கார்னகி தொழில்நுட்பக் கழகம் ஆயின; 1967இல் மெலன் ஆய்வுக் கழகத்துடன் இணைந்து இன்றைய பல்கலைக் கழகமாயின.

இங்கே கணிப்பொறி எந்தக் கட்டடத்தில் முதலில் வந்து இறங்கியது தெரியுமா? பொறியியல் கட்டடத்தில் அன்று. தொழில் நிர்வாகம் கற்பித்த பட்டமேற்படிப்புப் பள்ளியின் நிலவறையில்! ஆண்டு 1956. வந்த பொறி ஐ.பி.எம். 650. சுழலும் உருளை ஒன்றில் பத்து இலக்க எண்கள் 2000ஐ நினைவில் வைத்துக்கொள்ளும்; துளையிட்ட அட்டைகளால் அதற்கு ஊட்டவேண்டும். இன்று நம் கையில் உள்ள கைப்பேசியின் முன் அது கால்தூசு பெறாது. ஆயினும் அதைச் சுற்றிக் கூடியவர்கள் யார் என்பதுதான் செய்தி.

முதலாமவர் ஹெர்பர்ட் சைமன். அவர் முனைவர் பட்டம் பெற்றது அரசியல் அறிவியலில், சிகாகோ பல்கலைக் கழகத்தில். நகராட்சிகளின் நிர்வாகம் பற்றி ஆராய்ந்தவர். அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்ற கேள்வியே அவரை வாழ்நாள் முழுவதும் துரத்திற்று. எல்லாவற்றையும் அறிந்து, எல்லாவற்றையும் எடைபோட்டு, மிகச் சிறந்ததையே தேர்கிறான் என்று நம் பாடநூல் சொல்கிறதல்லவா? சைமன் அதை ஏற்கவில்லை. மனிதனின் அறிவுக்கு எல்லை உண்டு. போதுமானது கிடைத்ததும் அவன் தேடலை நிறுத்திவிடுகிறான் என்றார். இதற்காகத்தான் 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். நம் துறை மாணவர்கள் அவரை அந்த அளவிலேயே படித்துவிட்டுப் போகிறோம். கணிப்பொறித் துறையின் உயர்ந்த பரிசாகிய டூரிங் விருதை அதற்கு முன்பே, 1975இல், அவரும் ஆலன் நியூவெலும் சேர்ந்து பெற்றதை நமக்கு யாரும் சொல்வதில்லை.

நியூவெல், இளங்கலையில் இயற்பியல் பயின்றவர். மூன்றாமவர் ஆலன் பெர்லிஸ், பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்தவர். அதே கழகத்தில் வேதியியல் படித்துப் பின்னர்க் கணிதத்துக்குச் சென்றவர். 1956இல் கணிப்பு மையத்தின் தலைவராக வந்தார். 1966இல் டூரிங் விருது ஏற்படுத்தப்பட்டபோது முதல் விருது அவருக்கே. ஆக, அரசியல், இயற்பியல், வேதியியல்! கணிப்பொறி அறிவியல் படித்துவிட்டு வந்தவர் ஒருவரும் இலர். அப்படி ஒரு படிப்பே அன்று இல்லையே!

இனி நான் சொல்லப்போவது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணிதத் தருக்கத்தின் தேற்றங்களுக்குத் தானே நிறுவல் காணும் ஒரு நிரலைச் சைமனும் நியூவெலும், கிளிஃப் ஷா என்பவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1956 ஜனவரியில் நிரல் தாளில் இருந்தது. ஆனால் பொறியில் ஏற்றும் நிலைக்கு இன்னும் வரவில்லை. சைமன் என்ன செய்தார்? தம் மனைவியையும் மூன்று குழந்தைகளையும், சில ஆய்வு மாணவர்களையும் ஒன்றுகூட்டினார். நிரலின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு சீட்டில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "உன் முறை வந்தால் இச்சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் செய்" என்பதே ஏற்பாடு. இப்படியாக அந்தக் குடும்பமே ஒரு கணிப்பொறியாக நின்று, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தது! ஓடிற்று. அதே ஆண்டில் பொறியில் ஏற்றப்பட்ட பிறகு, புகழ்பெற்ற 'பிரின்சிபியா மாத்தமேத்திக்கா' நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களுள் 38க்கு அது நிறுவல் கண்டது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று ஊரெல்லாம் முழங்குகிறதே, அதன் தொட்டில்களுள் ஒன்று இது. மின்சாரம்கூட இல்லாமல், சீட்டும் குழந்தைகளுமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட தொட்டில்.

"அவர்கள் மேதைகள், நாம் அப்படியா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. விடைக்குப் பின்னர் வருகிறேன்.

1965இல் கணிப்பொறி அறிவியல் தனித் துறையாயிற்று. பெர்லிஸ் அதன் முதல் தலைவர். ஆண்டுக்கு இருமுறை ஆசிரியர்கள் அனைவரும் ஓர் அறையில் கூடி, ஆய்வு மாணவர் ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் பேசித் தீர்மானிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அந்த நாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கறுப்பு வெள்ளி'. (தேர்வு முடிவு நாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களை இங்கு எழுத ஆசிரியர் குழு ஒப்பாது.) அதே துறையில், எழுதப்பட்ட விதிகளைக் குறைத்து, எதிரில் இருப்பவரை நியாயமான மனிதராகக் கருதி நடந்துகொள்ளும் மரபும் இருந்துவருகிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது எனக்கு வியப்பளித்தது. ஒவ்வொரு மாணவனையும் பெயர் சொல்லிப் பேச முடிந்தால் விதிப்புத்தகம் பருமனாக வேண்டியதில்லை போலும்.

1969இல் இத்துறைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். அவரை நாம் அயலார் என்று சொல்ல முடியாது. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்னும் சிற்றூரில் 1937இல் பிறந்தவர். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். 1958இல் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெயர் ராஜ் ரெட்டி. அவர் கிண்டியில் படித்ததும் கணிப்பொறி அன்று, கட்டடப் பொறியியல்! மனிதப் பேச்சைப் பொறிக்குப் புரியவைப்பதே அவர் எடுத்துக்கொண்ட பணி. 1976இல் அங்கு உருவான ஒரு நிரல் ஏறத்தாழ 1000 சொற்களைக் கேட்டுப் புரிந்துகொண்டது. 1979இல் எந்திர மனிதவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அவரே முதல் இயக்குநர். 1988இல் துறை வளர்ந்து தனிப் பள்ளியாகி, நிகோ ஹாபர்மான் முதல் தலைவரானார். 1991 முதல் 1999 வரை ராஜ் ரெட்டி அப்பொறுப்பில் இருந்தார். 1994இல் டூரிங் விருது பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

இன்று அப்பள்ளியில் ஏழு துறைகள். எல்லாவற்றையும் அடுக்கினால் விவரக் கையேடு ஆகிவிடும். நமக்கு வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். 1986இல் எந்திர மொழிபெயர்ப்பு மையமாகத் தொடங்கியது இன்று மொழித் தொழில்நுட்ப நிறுவனம். இலக்கணம் அறிந்தவருக்கு அங்கு வேலை உண்டு. மனிதர்-கணிப்பொறி உறவை ஆராயும் நிறுவனத்தில் உளவியலாரும் வடிவமைப்பாளரும் இருக்கின்றனர். எந்திரக் கற்றல் துறை, புள்ளியியலாரோடு கைகோத்து வளர்ந்து 2006இல் துறையாயிற்று. 2018இல் செயற்கை நுண்ணறிவில் இளங்கலைப் பட்டம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அதுவே முதல். கணிப்பொறியையும் நுண்கலையையும் சேர்த்துப் படிக்க ஒரு பட்டமும் உண்டு. இசையும் நிரலும் ஒரே சான்றிதழில்!

இப்போது அந்த மேதைகள் பற்றிய கேள்விக்கு வருவோம். 1995இல் இப்பள்ளியின் இளங்கலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுள் பெண்கள் 100க்கு 7 பேர். "பெண்களுக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு விட்டுவிடலாமே? விடவில்லை. ஜேன் மார்கோலிஸ் என்ற சமூகவியல் ஆய்வாளரும் ஆலன் ஃபிஷர் என்ற கணிப்பொறி ஆசிரியரும் மாணவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவரை உட்காரவைத்துப் பேசினார்கள். பல வீடுகளில் கணிப்பொறி வாங்கியதும் அது மகனின் அறைக்குள் போய்விட்டது என்பது தெரிந்தது. கல்லூரிக்கு வரும்போதே பையன்கள் பலர் ஐந்தாறு ஆண்டு விளையாடிப் பழகியிருந்தார்கள். பெண்கள் பலர் அங்கேதான் தொடங்கினார்கள். பக்கத்து இருக்கையின் வேகத்தைப் பார்த்து, தமக்கு அறிவு குறைவு என்று முடிவு கட்டினார்கள். குறைந்தது அறிவன்று, பழக்கம். அனுபவமின்றி வந்தவர்களும் முடிவில் மற்றவர்களைப் போலவே தேறினார்கள் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

உடனே சேர்க்கை விதியில் கைவைத்தார்கள். முன்பே நிரல் எழுதியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தளர்த்தினார்கள். முதலாண்டில் ஒரே வாயிலை வைக்காமல், அனுபவத்துக்கு ஏற்பப் பல தொடக்க வகுப்புகளை அமைத்தார்கள். பாடத்தை எளிதாக்கவில்லை, இறுதியில் எல்லாரும் ஏறவேண்டிய மலை ஒன்றே. 1999இல் கணித அறிஞர் லெனோர் பிளம் வந்து சேர்ந்து, மாணவியருக்கென ஓர் அமைப்பையும் நிலைபெறச் செய்தார். 2000இல் புதிதாகச் சேர்ந்தவர்களுள் பெண்கள் 100க்கு 42 பேர். ஐந்தே ஆண்டுகள்! அந்த ஐந்தாண்டில் பிட்ஸ்பர்க்கில் பெண்களின் மூளையா மாறிற்று? மாறியது படிவம்.

அங்கு எல்லாம் பொன்னென்று நான் சொல்ல வரவில்லை. அதன் தொடக்க காலத்து ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடமிருந்து வந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு நோக்கம் இருக்கத்தானே செய்யும்? உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடத்தில் இன்று ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 60,000 டாலருக்கு மேல். அந்தத் தொகையைக் கேட்டால் கார்னகி காலத்து உருக்காலைத் தொழிலாளி மயங்கி விழுவார். நம் அரசுக் கல்லூரியின் கட்டணச் சீட்டைப் பார்க்கும்போது, இந்த ஒன்றில் நாம் அவர்களைவிட எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். ஆனால், வாயிலை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பதினைந்தடி நடைவழியில் ஏன் ஒரு சுவர்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாலை வகுப்புகள் முடிந்தபின் கணிப்பொறிக் கூடத்தை ஒரு மணி நேரம், வாரம் இருநாள், கலைப் பிரிவு மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். எழுத்துகளையே தொடாதவர்க்கான வகுப்பாக அது தொடங்கவேண்டும். கணிப்பொறித் துறையின் மூன்றாமாண்டுத் தோழர்களே சொல்லித் தரலாம். பதிலுக்குப் புள்ளிவிவரத்தையும் விலைவாசிக் குறியீட்டையும் நாங்கள் சொல்லித் தருகிறோம். பேராசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. வரும் பொருளியல் மன்றக் கூட்டத்தில் வழக்கமான பட்டிமன்றத்துக்குப் பதிலாகச் சைமன் வீட்டு விளையாட்டை நாமே நடத்திப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தும் சிறு நிரல் ஒன்றைச் சீட்டுகளாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் பதினோரு சீட்டுகள். பதினோரு பேர் வேண்டும். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுள் இருவர் நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.