டயாலிசிஸ் கட்டிலுக்கே மனநல மருத்துவர் வரட்டும்

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் இப்படிப் படுத்துக் கிடக்கும் ஒருவர், அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரை இஷ்டத்துக்குக் குடித்துவிட்டு, மூன்று கிலோ எடை கூடி வந்து நிற்கிறார். செவிலியர் கடிந்துகொண்டால், "இனிமே இருந்து என்னம்மா ஆகப் போவுது?" என்கிறார். இதைக் காதில் வாங்கிய மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார்: மனநலப் பிரிவு, வியாழக்கிழமை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று மனைவியிடம் கேட்டபடியே அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். வியாழன் அவருக்கு டயாலிசிஸ் நாள் என்பதை, எழுதியவர் உட்பட யாரும் கவனிக்கவில்லை.

இந்தச் சீட்டு முறையை ஒழிக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் கிடக்கிறவரைத் தேடி மனநல மருத்துவர் வருவதுதான் முறை. புற்றுநோய் வார்டுக்கும் காசநோய் வார்டுக்கும் இது பொருந்தும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின் மாத்திரையே சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். அவர்களையும் சீட்டோடு அலையவிடுவது என்ன நியாயம்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சேவையைப் பொது மருத்துவத்தின் எல்லா நிலைகளிலும் இணைக்கச் சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்டமோ 1996-லிருந்து இருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் மனநலப் பிரிவு தனிக் கட்டடம், தனி வரிசை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

மனநல மருத்துவர்கள் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் கேள்வியைக் கேட்க அவர் வேண்டியதில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியது முதல், தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடுகளுக்குப் போகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மாத்திரை கொடுக்கும்போதே, கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்து கிடந்ததா, எதிலும் பிடிப்பில்லாமல் போனதா என்று இரண்டு கேள்வி கேட்கலாம். டயாலிசிஸ் பிரிவில் செவிலியரே கேட்கலாம். 'ஆமாம்' என்பவர்களின் பட்டியல் மனநல மருத்துவரிடம் போகட்டும். வாரம் ஒரு மணி நேரம் அவர் அந்தக் கட்டில்களுக்கு வரட்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பணிநேர அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கான அரசாணையைச் சுகாதாரத் துறை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.