நோயின் தானம்

2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டு பார்ப்பவரும் கொரோனாவிலிருந்து அப்போதுதான் மீண்டவருமான எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர், "சிகரெட் பிடிக்கிறவன், ராத்திரித் தூக்கமில்லாதவன், என் ரத்தம் யாருக்காவது பிரயோஜனப்படுமா, சார்?" என்று கேட்டது இன்றும் என் ஹிருதயத்தை விட்டு அகலவில்லை. குணமானவரின் பிளாஸ்மா வழியே நோயாளிக்குச் செலுத்தப்படும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் புகைப்போரிடம் சற்றுக் குறைவாகத் தென்படுவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறியது உண்மையே. ஆனால் நித்தியப் பழக்கங்களை விட அவற்றின் அளவைப் பெரிதும் நிர்ணயித்தது நோயின் உக்கிரமே என்பதையும், மூச்சுத் திணறி மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பியவரின் குருதியிலேயே அவை பெரும்பாலும் மிகுந்திருந்தன என்பதையும் அறிந்தபோது, பட்ட வேதனையே பிறருக்கு வழங்கும் தானமாக மாறும் அந்த விந்தையின் முன் நான் மௌனமாகிவிட்டேன். பின்னர், 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பரிசோதனை, பிளாஸ்மா சிகிச்சையால் மரணம் குறையவில்லை எனக் காட்டியதும், 2021 மே மாதத்தில் அது சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டதும் நியாயமே. ஆயினும், குணமானபின் பிளாஸ்மா கொடுக்கக் காத்திருக்கச் சொன்ன 14 நாட்களும், முகமறியாத ஒரு நோயாளிக்காக அந்த இளைஞர் சிகரெட்டைத் தொடவேயில்லை.