பழம் விழுமாம், வேண்டாமாம்!

வார்டுக்கு ஒரு பழத்தோட்டம், அதை ஒட்டித் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு பூந்தோட்டம் என்று போன ஆண்டு மேளதாளத்தோடு அறிவித்த திட்டத்தை, சென்ற வாரம் மாமன்றத்தில் விவாதமே இல்லாமல் 'திருத்தி' முடித்துவிட்டார்கள். திருத்தத்துக்குப் பின் மிஞ்சியிருப்பவை புல்தரை, பேவர் பிளாக் நடைபாதை, ஒரு நீரூற்று, ஊர்ப் பெயரை விளக்குப் போட்டுக் காட்டும் செல்ஃபி எழுத்துகள். நாவல், விளா, நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி என்று பெயர் பெயராக இருந்த பட்டியல் போய், 'அலங்கார மரங்கள்' என்ற ஒற்றை வரி வந்திருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. பழம் விழுந்து குப்பையாகும். தேனீ வந்து கொட்டும். இரண்டையும் சிரிக்காமல் கோப்பில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மன்றத்தின் முன் வைத்திருக்கிறார்கள்.

பழம் விழும் என்பது உண்மைதான். விழாமல் என்ன செய்யும்? ஆனால் இந்த ஊர்ச் சாலைகளில் எதுவுமே விழுவதில்லையா? கோடையில் தூங்குமூஞ்சி மரத்தின் கறுத்த காய்கள் உதிர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, வெல்லப்பாகு மாதிரி தாரில் ஒட்டிக்கொள்கின்றன. இயல்வாகை தெருவையே மஞ்சளாக்கிவிட்டு, பிறகு காய்களையும் கொட்டுகிறது. குல்மொகர் முழ நீளக் காய்களை உதிர்க்கிறது. இவற்றையெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் காலை ஐந்து மணிக்கே கூட்டி அள்ளுகிறார்கள். அதைக் குப்பை என்று யாரும் தீர்மானம் போட்டதில்லை. மனிதன் தின்ன முடியாதது எவ்வளவு வேண்டுமானாலும் விழலாம், தின்னக்கூடியது விழக்கூடாது என்பதுதான் மாநகராட்சியின் கொள்கை போலும்.

நாவல் பழம் தரையில் கறை போடும் என்று தனியாக ஒரு குறிப்பு வேறு. கறை படிவது எதன்மேல்? மரத்தின் தூர் வரை இவர்களே பதித்த சிமெண்ட் கல்லின்மேல். மண்தரையாக விட்டிருந்தால் கறை ஏது? விழுந்த பழத்தை அணிலும் எறும்பும் பாதி தீர்க்கும், மீதி மண்ணோடு மண்ணாகும். நாவல் பறிக்கத் தெரிந்தவர்கள் யாரும் பழம் விழட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. கீழே நாலு பேர் பழைய சேலையையோ வலையையோ விரித்துப் பிடிப்பார்கள், ஒருவர் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார். அடிபடாத பழம் கூடைக்குப் போகும். இதற்கு ஆலோசனை நிறுவனமும் வேண்டாம், திட்ட அறிக்கையும் வேண்டாம். சேலை கொண்டுவர ஆள் கிடைப்பார்கள். விரிக்க இடம்தான் இல்லை.

பொது இடத்து மரத்தின் பழத்தை யார் பறிப்பது, சண்டை வராதா என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். நெடுஞ்சாலைத் துறை சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விட்டு வந்திருக்கிறது. மரத்தில் எண் போட்டு, பட்டையைச் சுற்றி வெள்ளையடித்து, இந்த எண் முதல் அந்த எண் வரை இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். புளி உலுக்கும் பருவத்தில் கலவரம் வெடித்ததாக நமக்குச் செய்தி இல்லை. ஊராட்சிகளும் இதே வேலையைச் செய்கின்றன. பஸ் போகிற சாலையில் பழமரத்தை வைத்து, பாதுகாத்து, காசும் பார்த்த அனுபவம் இந்த மாநிலத்துக்கு உண்டு. அந்தப் புளியமரங்களையும் நாலுவழிச் சாலைக்காக வரிசையாகச் சாய்த்துவிட்டோம் என்பது வேறு கதை.

இன்னும் சில நாளில் விநாயகர் சதுர்த்தி வருகிறது. முதல் நாள் சந்தையில் ஒரு விளாம்பழத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று அலுவலர்கள் விசாரித்துப் பார்க்கலாம். நாவல் பழத்தைக் காகிதக் கூம்பில் உப்புத் தூவி எண்ணித் தருகிற காலம் இது. கொடுக்காப்புளி சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வேலியில் முளைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் துரட்டி போட்டு இழுத்துத் தின்ற காய் அது! தெருப்பிள்ளைக்கு ஓசியில் கிடைத்த கடைசிப் பழங்களையும் விலைப்பொருளாக்கிவிட்ட ஊரில், பத்து மரம் பொதுவில் நிற்கட்டும் என்றால் 'குப்பை' என்கிறார்கள். இந்தச் சொல்தான் நமக்கு ஆறவில்லை.

புல்தரை மட்டும் சுத்தமாம். கோடையில் லாரித் தண்ணீர் அடித்துக் காப்பாற்ற வேண்டிய புல் அது. மாதந்தோறும் வெட்ட வேண்டும், அதற்கொரு ஒப்பந்தம், இயந்திரத்துக்கு டீசல். போதாததற்கு 'புல்லின்மேல் நடக்காதீர்' என்று பலகையும் வைப்பார்கள். நடக்கவும் கூடாத, தின்னவும் முடியாத, ஒதுங்க நிழலும் தராத ஒரு பச்சைக்கு மக்கள் வரிப்பணம்.

தேனீ விஷயத்துக்கு வருவோம். பூவில் தேன் எடுக்க வந்த தேனீ, கையால் அமுக்கினாலொழிய யாரையும் கொட்டுவதில்லை. கூட்டைக் கலைத்தால்தான் கூட்டமாகத் துரத்தும். ஆபத்தான பெருந்தேனீ, தோட்டம் இல்லாமலேயே தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் அடுக்குமாடி வளாகங்களின் உச்சியிலும் கூடு கட்டி வாழ்கிறது. பூச்செடிகள் நட்டால் வருகிறவற்றில் பல, கூட்டமாக வாழாத தனித் தேனீக்கள். கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. கன்னங்கரேலென்று உறுமிக்கொண்டு வரும் தச்சுத் தேனீயைப் பார்த்துப் பயந்து ஓடுகிறோம். கத்திரிப் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பது அதுதான். வளர்ப்புத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

இதே அரசின் தோட்டக்கலைத் துறை நகரவாசிகளுக்கு மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு தருகிறது. வாங்கி வைத்தவர்களைக் கேளுங்கள். பூசணி பூக்கும், பிஞ்சு விடும், நாலாம் நாள் மஞ்சளித்துச் சுருங்கி விழும். மகரந்தம் சேர்க்க ஆள் இல்லை. விடிகாலையில் எழுந்து ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவிவிட்டு வருகிறார்கள் நம் வீட்டுப் பெண்கள். தேனீ செய்ய வேண்டிய வேலையை மூன்றாம் மாடியில் மனிதர்கள் செய்கிறார்கள். விதையை ஒரு துறை கொடுக்கும், பூச்சியை இன்னொரு அலுவலகம் துரத்தும்.

வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கதிதான். 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்து மகிழ்ந்தோம். ஆனால் பூங்காவின் எலுமிச்சை இலையில் ஒரு புழுவைக் கண்டால் மருந்தடிக்கிறார்கள். அந்தப் புழுதான் பத்துப் பதினைந்து நாளில் வண்ணத்துப்பூச்சி. எருக்கையும் கிலுகிலுப்பையையும் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, மதில்சுவரில் வண்ணத்துப்பூச்சி ஓவியம் வரைய டெண்டர் விடுகிறவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

இவர்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டலாம். சாலை நடுவே வரிசையாகக் கோனோகார்ப்பஸ் நட்டவர்கள் இவர்களே. சீக்கிரம் வளரும், மாடு தின்னாது, பழம் விழாது! குஜராத் 2023-இலேயே தடை செய்தது. தமிழக அரசும் 2025-இல் தடை விதித்தது. இப்போது அதைப் பிடுங்க ஒப்பந்தம். நட்டதற்கு ஒரு பில், பிடுங்குவதற்கு ஒரு பில். மேம்பாலத் தூண்களில் தொங்கவிட்ட செங்குத்துத் தோட்டம் என்ன ஆயிற்று? செடி காய்ந்தது, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் இன்னும் தொங்குகின்றன. மூலிகைப் பூங்காவில் துளசி, ஆடாதோடை என்று பெயர்ப்பலகைகள் வாடாமல் நிற்கின்றன, செடிகளைத்தான் காணோம். மரக்கன்று விழாக்களில் நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்று கேட்டால் பதில் வராது. விளம்பரதாரர் பெயர் பொறித்த இரும்புக் கூண்டுகளை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்த பிறகும், தூர் வரை சிமெண்ட் பூசும் பழக்கம் இந்த ஊரில் ஒழியவில்லை.

இத்தனையையும் செய்தவர்கள், செய்யாத ஒன்றைப் பற்றி மட்டும் முன்னெச்சரிக்கை பேசுகிறார்கள்.

ஜெர்மனியில் ரைன் கரையோரம் சுமார் 30,000 பேர் வாழும் ஆண்டர்னாக் என்ற சிற்றூர், 2010-இல் பழைய கோட்டைச் சுவரை ஒட்டித் தக்காளி நட்டு, யாரும் பறிக்கலாம் என்று பலகை வைத்தது. பொது இடங்களில் பழமரம் நடுவதென்று கோபன்ஹேகன் நகர மன்றம் 2019-இல் முடிவெடுத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதங்களில் பழக்கண்காட்சி நடத்துவது நம் அரசுதானே. அங்கே பழத்தால் யானையும் கோபுரமும் செய்து அமைச்சர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வார்டில் நாவல் மரம் நிற்கக்கூடாது.

நிலம் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த இடங்கள் பல முள்வேலிக்குள் சீமைக்கருவேலம் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் கார்கள் நிற்கின்றன.

மாமன்றம் இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். பழைய பட்டியலை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. எந்த மரம், எந்த இடம், யார் பொறுப்பு என்பதைப் பகுதி சபைகளில் மக்கள் முன் வைத்துப் பேசட்டும், தோட்டக்கலை தெரிந்தவர்களையும் உடன் வைத்துக்கொள்ளட்டும். பட்டியலிலிருந்து மரப் பெயர்களை அடித்த கை யாருடையது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை. குழி வெட்டி, வெயிலில் ஆறப்போட்டு, எரு கலந்து வைக்க இதுவே நேரம். புல்தரைக்கான டெண்டரை அவசரமாகத் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். முதலில் அதை நிறுத்திவைக்க வேண்டும்.