கானலும் உப்பும்

இந்த உலகமே யாரோ கம்ப்யூட்டரில் ஓட்டும் விளையாட்டாக இருக்கலாம் என்று இளவட்டங்கள் பேசிக்கொள்கிறார்கள். 2003-ல் ஆக்ஸ்போர்டில் இருந்த நிக் பாஸ்ட்ரம் எழுதிய கட்டுரை கிளப்பிய பேச்சு இது. அசல் உலகம் ஒன்று, கம்ப்யூட்டரில் உண்டாக்கும் நகல்களோ கோடி என்றால், நாம் நகலில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. (அவர் சொன்ன மூன்று வாய்ப்புகளில் இது ஒன்றுதான். அதை யாரும் சொல்வதில்லை.)

நமக்கு இது புதிதா என்ன? கயிறும் பாம்பும், கானல் நீரும் கதாகாலட்சேபத்தில் கேட்டவைதானே.

கானல் பார்க்க மாரியூர் உப்பளம் போதும். உச்சி வெயிலில் தூரத்தில் தண்ணீர் தளதளக்கும். கிட்டே போனால் இருக்காது. ஆனால் உப்பு வாருகிற பெண்ணின் கால் வெடிப்பில் ஏறும் எரிச்சல் கிட்டே போனாலும் மறையாது. அவளிடம் போய் எல்லாம் மாயை என்று சொல்லிப் பாருங்கள்!

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஏறி, பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கொண்டுபோயிற்று. எல்லாம் நகல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூச்சுத் திணறல் அதனால் குறைந்துவிடுமா? ஓட்டுகிறவன் ஒருவன் இருந்தால், அந்த ராத்திரிக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.